நடுத்தாள் இல்லாத புத்தகம்

ரிஜெக்ட் வாஷர்களை வைத்து ராணுவம் கட்டிய என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். பாத்ரூம் விளக்கை எரியவிட்டுக் கதவைப் பாதி சாத்தி, அந்த வெளிச்சத்தில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் யாரும் திறந்து பார்க்காத நோட்டு இது ஒன்றுதான். அம்மாவின் போன் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பயமாக இருக்கிறது அப்பா. நேற்று சாயங்காலம் நான் திருடினேன். இன்று பகல் முழுக்க இந்த போன் அடித்தபோதெல்லாம் ஓடிப்போய்ப் பெயரைப் பார்த்தேன். முதலில் காஸ் சிலிண்டர்க்காரர். அடுத்து, லோன் வேண்டுமா என்று ஒரு பெண். அதற்கப்புறம் மாமா. யாரிடம் திருடினேனோ அவர் இன்னும் கூப்பிடவில்லை. கண்டுபிடித்ததும் கூப்பிடுவார்.

அவர் யார் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் உன் பின் அறைச் செய்தி.

உன் போர்க்களம் அப்படியே இருக்கிறது. கட்டில்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் பச்சை பெயின்ட் அடித்த மணல், அதன்மேல் அம்மாவின் பூப்போட்ட பழைய பெட்ஷீட். வாரத்துக்கு ஒருமுறை பெட்ஷீட்டைத் தூக்கி, யாரையும் தொடாமல், வாயால் ஊதித் தூசி தட்டுகிறேன். யாரும் விழவில்லை. ஒவ்வொரு வீரனையும் கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷரில் ஒட்டி வைத்தாயே, அந்தக் கனம் தாங்குகிறது. சோழ இளவரசன் ராஜாதித்தனின் யானையும் நிற்கிறது. மேலேதான் ஆள் இல்லை. அவனை எடுத்து நீ பலகை ஓரத்தில் படுக்கவைத்தாய். அவன் இன்னும் அங்கேயே படுத்திருக்கிறான்.

நாளை காலை பத்து மணிக்கு இதையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப்போகப் போகிறார்கள். அதற்குள் உன் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அதற்காகத்தான் திருடினேன்.

இது இப்படி வந்து நின்றதற்கு முதல் காரணம் நீ. செத்துப்போனவர்களைத் திட்டக்கூடாது என்று மாமா சொல்கிறார். மாமா சொல்வதாலேயே திட்டலாம் என்று தோன்றுகிறது.

இருபது வருடமாக நீயும் பன்னீர் அங்கிளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைப் படைகளை நிறுத்தி, டேப் வைத்து அங்குலம் அளந்து, பகடை போட்டுப் பழைய சண்டைகளை மறுபடி போட்டீர்கள். யார் எவ்வளவு தூரம் நகரலாம், யார் எத்தனை எண் விழுந்தால் சாவான் என்பதையெல்லாம் ஒரு புத்தகம் சொன்னது. நடைபாதைக் கடையில், அட்டையில் யானை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நீ வாங்கிய புத்தகம். உள்ளங்கை இரண்டு அகலம், நடுவில் இரண்டு பின். இங்கிலாந்தில் யாரோ நான்கு பேர் அச்சடித்து, நிறுத்தி, மறந்தே போன விதிப்புத்தகம். அதை நீ வேதம் மாதிரி வைத்திருந்தாய். அதில் என்ன இல்லை என்பதை மட்டும் இருபது வருடமாகப் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பாய்? தளபதி விழுந்தால் என்ன செய்வது என்ற பக்கம் உனக்குத் தேவைப்பட்டதே இல்லை. நீ தளபதியை எப்போதும் கடைசி வரிசையில், கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தாய். பன்னீர் அங்கிளும் அதையே செய்தார். வீரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், இரண்டு தளபதிகளும் சாகாமல் டீ குடித்தார்கள். ஜூன் மாதம் தக்கோலம் சண்டையை வைத்தபோதுதான் உனக்கு ரோஷம் வந்தது. சோழ இளவரசன் யானைமேல் முன்னால் நின்றான், அம்பு பட்டுச் செத்தான், படை ஓடிப்போயிற்று. வரலாறு அப்படி. நீயும் அவனை முன்னால் நிறுத்தினாய்.

"செத்தா இன்னா இப்போ?" என்று என்னிடம் கேட்டாய், எபாக்ஸி பசை காய்வதற்கு யானையை ஊதிக்கொண்டே. "ஒர்த்தன் செத்ததுக்கு அத்தினி பேரும் ஓடணுமா பாப்பா? அவனுங்களுக்குக் கை இல்ல? கால் இல்ல? ஓடியிருக்கவே வாணாம்னு நான் காட்றேன் பாரு."

அன்று நான் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். இளவரசன்மேல் விடும் அம்புக்காகப் பன்னீர் அங்கிள் பகடையை லுங்கியில் துடைத்து உருட்டினார்.

"மச்சான், பன்னெண்டு."

"சரியா பாருடா. ஒண்ணு சாஞ்சிகினு கீது."

"எங்க சாஞ்சிகினு கீது? ரெண்டும் ஆறு. உன் ராஜாத்தம்பி காலி நைனா."

"ராஜாதித்தன்டா."

"யாரா இருந்தா இன்னா, யானய உட்டு எறங்கச் சொல்லு."

நீ சிரித்துக்கொண்டேதான் அவனைக் கீழே எடுத்தாய். அப்புறம் புத்தகத்தைப் புரட்டினாய். 'தளபதி விழுந்தால் நடுத்தாளில் உள்ள பட்டியலைப் பார்க்கவும்' என்று இருந்தது. நடுப்பக்கத்தை விரித்தாய். துருப்பிடித்த இரண்டு பின். அவற்றில் ஒட்டிக்கொண்டு நகக்கண் அளவு மஞ்சள் காகிதம். தாள் இல்லை. அந்தத் தாளுக்குப் பக்க எண்ணும் போடவில்லை, அதனால் அது போனது எண்ணிப் பார்த்தாலும் தெரியாது.

"வுடு மச்சான், நாமளே ஒண்ணு போட்டுக்கலாம்," என்றார் பன்னீர் அங்கிள். "பாதி பேர் ஓட்றான், பாதி பேர் நிக்கறான். முடிஞ்சிது."

"நாமளே போட்டுகினா அது சண்ட இல்லடா, கத. தாள் கெடைக்கட்டும். அதுவரிக்கும் யாரும் நவுரக் கூடாது."

அப்படித்தான் பெட்ஷீட் போட்டு மூடினாய். மூன்று மாதம் தேடினாய்.

நீ தேடிய லட்சணம் எனக்குத் தெரியும், உனக்காக இங்கிலீஷில் டைப் செய்தது நான்தானே. பழைய புத்தகக் கடைகளுக்குப் போனாய். பூந்தமல்லியில் ஒருவர் உனக்கு நீட் கைடு கொடுத்தார், விதிமுறைகள் என்றால் மோட்டார் வாகனச் சட்டமா என்று ஆவடியில் ஒருவர் கேட்டார். நெட்டில் அந்தப் புத்தகத்தின் ஸ்கேன் நான்கு கிடைத்தன. நான்கிலும் நடுத்தாள் இல்லை. ஸ்கேன் செய்த ஒருவருக்கு நாம் எழுதினோம். அந்தத் தாளை அப்போதே பிய்த்து அட்டையில் ஒட்டி மேஜையில் வைத்துக்கொண்டோம், அதற்காகத்தான் அது நடுவில் இருந்தது, அட்டை எங்கே போயிற்றோ, என்று பதில் போட்டார். இன்னொருவருடையதை நாய் தின்றிருந்தது.

அப்புறம் உன் வாட்ஸ்அப் குழு. பதினோரு பேர், அதில் விளையாடுகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். மீதி ஒன்பது பேரும் நிபுணர்கள். பல்லவர் காலத்துக் குதிரைக்குச் சேணத்தில் பொத்தான் உண்டா என்று நாலு நாள் அடித்துக்கொண்டார்கள். நீ நடுத்தாளைக் கேட்டதும் ஒருத்தருக்கும் விரல் எழவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும் 'அரிய பதிப்பு. என்னிடம் உள்ளது' என்று போட்டுக் கைகூப்பும் படம் வைத்தார். போட்டோ அனுப்புங்கள் சார் என்று கேட்டாய். அதற்கும் கைகூப்பும் படம்தான் வந்தது.

அவர்தான் இவர். அம்பத்தூர் பாலகிருஷ்ணன் சார்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு, கம்பெனி கேன்டீனில் டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே நீ விழுந்தாய் என்று பன்னீர் அங்கிள் சொன்னார். பத்தேகாலுக்கு மாமா ஸ்கூலுக்கு போன் செய்திருக்கிறார். எனக்கு அன்று காலாண்டுப் பரீட்சை, கணக்கு. "எக்ஸாம் முடியட்டும், அப்புறம் சொல்லுங்க," என்று மாமாவே சொன்னாராம். ஸ்கூலிலும் அதுதான் நல்லது என்றார்களாம். நான் ஒன்றேகால் வரை உட்கார்ந்து முக்கோணவியல் போட்டுக்கொண்டிருந்தேன். கண்காணிப்புக்கு வந்த டீச்சர் இரண்டு முறை என் தலையைத் தடவினார். என்ன இவர் இப்படி, என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனேன். தொண்ணூற்றொன்று வாங்கினேன். எல்லோருக்கும் ரொம்பப் பெருமை. நீ செத்துக் கிடந்த மூன்று மணி நேரத்தில் உன் மகள் ஒன்பது மார்க்தான் விட்டாள் என்பதில் இவர்களுக்கு என்ன பெருமை என்று நான் இன்றுவரை யாரையும் கேட்கவில்லை.

மாமா இப்போது ஞாயிறுதோறும் நசரத்பேட்டையிலிருந்து வந்து நம் வீட்டை நிர்வாகம் செய்கிறார். முதலில் உன் செருப்புகள் போயின. அப்புறம் உன் பைக். போன மாதம் பின் அறைக் கதவைத் திறந்து, பெட்ஷீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, மனுசன் கொலு வெச்சிகினு இருந்தாரா?" என்று அம்மாவிடம் கேட்டார். "இந்த ரூம காலி பண்ணா பொண்ணு உக்காந்து படிக்கும் இல்ல."

"நான் இங்கேதான் படிக்கிறேன்," என்றேன்.

"பொம்மைக்கு நடுவுலயா? வயசுப் பொண்ணு பொம்ம வெச்சி ஆட்னா நாலு பேரு சிரிப்பான்."

உன் வயசில் நீ வைத்து ஆடினாயே, அப்போது நாலு பேரும் எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை. அம்மா இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. மருந்துக் கடை வேலைக்குப் போகிறாள், வருகிறாள், உன் சட்டையைத் தலையணை உறையாக மாட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

அன்றைக்கே பாலகிருஷ்ணன் சார் துக்கம் விசாரிக்க போன் செய்தார். இரண்டு மாதம் கழித்து. பேச்சு நேராக யானைகளுக்குப் போனது. எத்தனை யானை இருக்கிறது, தந்தம் உடைந்திருக்கிறதா, அதெல்லாம் வெளியே போனால் பாழாகிவிடும், நானே எடுத்துப் பத்திரமாகக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன் அம்மா என்றார். மாமா போனை வாங்கி, அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாங்க சார் என்றார். என் படிப்புப் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

பன்னீர் அங்கிள் வந்து தடுப்பார் என்று நினைத்தேன். அவர் உன் காரியத்துக்கு வந்ததோடு சரி, அப்புறம் நம் தெருப் பக்கமே வரவில்லை. கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் வராத பஸ்ஸைப் பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"ஏன் அங்கிள் வீட்டுக்கு வரவே மாட்டேன்றீங்க?"

"எந்த மூஞ்ச வெச்சிகினு வருவேன் ஹரிணி? அம்பு உட்டது நானு."

"டைஸ்தானே போட்டீங்க."

"அதாம்மா. இருவது வர்சத்துல எனுக்குப் பன்னெண்டே உய்ந்தது கெடையாது. அன்னிக்கி உய்ந்துது. யானமேல கீறவன் செத்தான். பின்னாலயே உங்கப்பன் பூட்டான்."

"உங்க பகடைக்கு அவ்ளோ சக்தி இருந்தா லேத் ஏன் அங்கிள் ஓட்டுறீங்க?"

அவர் அழுதுவிட்டார். பஸ் ஸ்டாப்பில், முகத்தில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் செத்தாய். அதற்கு இரண்டு பிளாஸ்டிக் பகடைமேல் பழி போட்டுவிட்டு ஒரு பெரிய மனிதர் மூன்று மாதமாக ஒளிந்து திரிகிறார். ஆனால் பஸ் வந்து ஏறும்போது ஒன்று கேட்டார்: "தாள் கெட்ச்சிதா?"

அந்தக் கேள்விக்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. விளையாடியவர்கள் எல்லோரும் நடுத்தாளைப் பிய்த்தார்கள், அது பிய்ப்பதற்காகவே இருந்தது. அப்படியென்றால் முழுசாக இருக்கிற புத்தகம் ஒரு தடவைகூட விளையாடாத ஆளிடம்தான் இருக்கும். நீ மூன்று மாதம் விளையாட்டுக்காரர்களைத் தேடி அலைந்தாய் அப்பா. சோம்பேறியைத் தேடியிருக்க வேண்டும்.

நேற்று, ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு அம்பத்தூர் பஸ் ஏறினேன். எஸ்டேட் தாண்டி மூன்றாவது மாடி ஃபிளாட். மணி அடித்தால் பாட்டு பாடுகிற கதவு.

"நம்ம ஹரிணியா? வாம்மா, செருப்பை வெளியிலேயே விட்டுடு. ஈரக் கையா இல்லையே? நல்லது."

ஹால் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ரோமர்கள், மங்கோலியர்கள், மராட்டியர்கள். ஒருத்தனுக்கும் பெயின்ட் இல்லை, பாதிப் பேர் இன்னும் டப்பாவை விட்டே இறங்கவில்லை. நடு அலமாரியில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்தது. உன் யானைகளுக்கு இடம் துடைத்து வைத்திருந்தார்.

நம்மிடம் இருக்கும் அதே புத்தகத்தைக் கேட்டேன். கைக்குட்டையால் பிடித்து எடுத்துவந்து டீப்பாய்மேல் வைத்தார். அட்டையில் அதே யானை. நம்முடையது போல டீக்கறை இல்லை, பன்னீர் அங்கிள் கணக்குப் போட்ட பேனாக் கிறுக்கல் இல்லை. சுற்றிலும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறை.

"பிரிக்காத காப்பிம்மா. இந்த நாட்டுலேயே இது ஒண்ணுதான் இருக்கும்."

"நடுத்தாளை மட்டும் பார்த்து எழுதிக்கறேன் சார். ரெண்டு நிமிஷம்."

"பிரிச்சா அப்புறம் இது பிரிச்ச காப்பி ஆயிடுமே."

"நீங்க படிச்சதே இல்லையா சார்?"

"படிக்கணும்னா பிரிக்கணுமே." சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "நான் சேகரிக்கிறவன்மா. சேகரிக்கவே நேரம் பத்தலை, இதுல விளையாட எங்க போறது?"

"அப்பா ஆட்டம் பாதியில நிக்குது சார். நீங்க ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போறதுக்குள்ள முடிக்கணும்."

"அதையெல்லாம் கலைச்சுத்தானேம்மா பேக் பண்ணணும். முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன?"

நான் அவரை அப்படி வெறுத்ததில்லை, அந்த நொடிக்கு முன். கத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் அன்பாகச் சொன்னார்.

அப்போது தண்ணீர் கேன்காரர் மணி அடித்தார், பாட்டு பாடியது. சார் எழுந்து போய், காலி கேனுக்கு மூடி எங்கே என்று தொடங்கி வாசலில் ஒரு வழக்கையே நடத்தினார். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். டிவைடர் முனையால் உறையின் அடி ஓரத்தைக் கிழித்தேன். புத்தகத்தை உருவி நடுவில் விரித்தேன்.

இருந்தது அப்பா. மஞ்சள் தாள், இரண்டு பக்கமும் பொடி எழுத்துக் கட்டங்கள்.

எழுதிக்கொள்ள நேரம் இல்லை, போன் என்னிடம் இல்லை. டிவைடரால் இரண்டு பின்னையும் நிமிர்த்தித் தாளைக் கழற்றினேன். ஜாமெட்ரி பாக்ஸில் நுழைவதற்காக நாலாக மடித்தேன். இந்த நாட்டிலேயே ஒரே தாளை நாலாக மடித்தேன். புத்தகத்தை உறைக்குள் தள்ளி, கிழிசல் தெரியாமல் திருப்பி வைத்தேன். சார் வந்து புத்தகத்தைக் கைக்குட்டையால் தூக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிஸ்கட் சாப்பிடும்மா," என்றார். இரண்டு சாப்பிட்டேன். லிஃப்டில் வரும்போது வாய்க்குள் பிஸ்கட் மாவாகவே இருந்தது, இறங்கவில்லை.

இன்று மதியம் அம்மா வேலைக்குப் போன பிறகு பின் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். நீ தேடியது இதுதான், கேள்.

தளபதி விழுவதைக் கண்ணால் பார்த்த ஒவ்வொரு பிரிவும் இரண்டு பகடை போட வேண்டும். ஐந்து வரை விழுந்தால் ஓட்டம். எட்டு வரை பின்வாங்கல். ஒன்பதும் அதற்கு மேலும் விழுந்தால் நிற்கும். பார்க்காத பிரிவுகள் பகடை போட வேண்டாம். செய்தி போய்ச் சேரும்வரை முன்பு போலவே சண்டை போடும், சேர்ந்ததும் அவையும் பகடை போட வேண்டும். செய்தி அனுப்புவதும் அனுப்பாததும் ஆடுபவர் விருப்பம். தெரிந்த பிறகும் நின்ற பிரிவு, அந்த ஆட்டம் முடியும்வரை மறுபடி பகடை போட வேண்டியதில்லை.

தாளை வைத்துவிட்டுக் குனிந்து, பலகைமட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன், நீ செய்வாயே அப்படி. யானையைச் சுற்றி நாலு பிரிவுகள் பார்த்திருக்கும். ஆனால் இடது கோடியில், தெர்மகோலில் நீ செய்த ஏரிக்கரைக்குப் பின்னால், ஈட்டிக்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு ரோஸ் நிற முண்டாசு, ஏழு வயதில் அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்து நான் பூசியது. அங்கேயிருந்து யானை தெரியவில்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஜூன் மாதத்திலிருந்து தெரியாமலே நிற்கிறார்கள்.

ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தேன். கணக்குப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்தது. என் தலையைத் தடவிய கை ஞாபகம் வந்தது.

அப்புறம், அம்மா வீட்டிலேயே விட்டுப் போயிருந்த இந்த போனிலிருந்து பன்னீர் அங்கிளைக் கூப்பிட்டுத் தாளை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"தோ பார்ரா," என்றார். "அப்போ அந்த ஒம்போது பேரு சும்மா கீறானுங்களா? அவனுங்க எம்மேல வந்து உய்ந்தா என் பக்கவாட்டு காலிம்மா. உங்கப்பன் தெரிஞ்சி வெச்சானா, தெரியாம வெச்சானா?"

"தெரியலை அங்கிள். நாளைக்கு வர்றீங்களா? பத்து மணிக்குள்ள முடிக்கணும்."

"எங்கூட யாரு ஆட்றது?"

"நான்தான்."

"நீயா? டேப்பு புடிக்கத் தெரியுமா?"

"பத்து வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் டேப் புடிச்சதே நான்தான் அங்கிள்."

"ஏயு மணிக்கு வந்துர்றேன். டீ போட்டு வையி. ஆனா பகட நான் தொட மாட்டேன், என் பங்கையும் நீயே போட்டுடு." அந்த மனிதரை என்னதான் செய்வது?

செய்தி அனுப்பாமல் இருந்தால் நல்லது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு யோசித்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. ஒன்பது பேரும் ஒன்றும் தெரியாமல் ஏரிக்கரையைச் சுற்றி வந்து பன்னீர் அங்கிளின் பக்கவாட்டில் விழுவார்கள். நீ ஜெயிக்கலாம். ஓடியிருக்க வேண்டாம் என்று நீ சொன்னது நிரூபணம் ஆகலாம். விதியும் அனுமதிக்கிறது. ஆனால் அப்பா, அது மாமா செய்கிற வேலை. சொல்லாமல் வைத்து, காரியத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் தொண்ணூற்றொன்று என்று தட்டிக்கொடுப்பது. தெரியாதவன் நிற்பது நிற்பதா? நீ காட்ட நினைத்தது அதையா?

பாத்ரூமில் குழாய் சொட்டுகிறது. வாஷர் போய்விட்டது. நீ இருந்தால் பையிலிருந்தே எடுத்துப் போட்டிருப்பாய்.

எனக்கு இன்னும் பயம்தான். இதை எழுதும்போது போன் ஒருமுறை வெளிச்சம் காட்டியது, பேனாவை வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் மெசேஜ். அவர் நாளை பத்து மணிக்கு நேரிலேயே வருவார். அதுவரை அலமாரியைத் திறக்காமல் இருந்தால், எதுவும் தெரியாமல் இங்கே வந்து நிற்கும் ஆள் அவராகத்தான் இருப்பார். அதை நினைத்துச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது.

உனக்கு வாக்குத் தருகிறேன். காலையில் முதலில் யானையைச் சுற்றி நின்ற நாலு பிரிவுகளுக்குப் பகடை போடுவேன். ஓடுகிறவர்கள் ஓடட்டும், எண்ணை மாற்ற மாட்டேன். அதற்கப்புறம் ஒரு குதிரைக்காரனை எடுத்து, டேப் வைத்து அளந்து, ஏரிக்கரைக்குப் பின்னால் அனுப்புவேன். ரோஸ் முண்டாசுக்காரன் உட்பட ஒன்பது பேருக்கும் சொல்வேன். சொல்லிவிட்டு அவர்களுக்காகப் பகடை போடுவேன். ஒன்பதோ அதற்கு மேலோ விழுந்தால், தெரிந்து நிற்பார்கள், அப்புறம் அவர்களை யாரும் அசைக்க முடியாது. விழாவிட்டால் பின்வாங்குவார்கள், இல்லை ஓடுவார்கள், உன் கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வேன்.

பத்து மணிக்கு மணி அடித்தால் மாமாவுக்கு முன்னால் நானே போய்க் கதவைத் திறப்பேன். நாலாக மடித்த தாளை அவர் கையில் கொடுத்து, சார், உங்களுடையது இப்போது பிரித்த காப்பி, பிரித்தது நான் என்று சொல்வேன். அவர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். யானைகளை எடுத்துப் போனாலும் போகட்டும். ஆட்டம் முடிந்த யானைகள்.

தெரியாமல் மூன்று மணி நேரம் நின்ற,
இப்போது தெரிந்து நிற்கிற,
உன் மகள்
ஹரிணி